நண்பனுக்கு வண்டி விற்காதே என்று சொல்பவர்களுக்கு

போன மாதம் ஒண்டிக்கடை பக்கம் டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். எங்கள் தெருப் பையன் ஒருவன் வந்தான். பேங்கில் வேலை. புது வண்டிக்குப் பணம் கட்டிவிட்டான், பழைய காரை விற்க வேண்டும். கூடப் படித்த சிநேகிதனே கேட்கிறானாம். குடுக்கலாமா என்று பொதுவாக ஒரு கேள்வி போட்டான். கடையில் இருந்த நாலு பேரும் ஒரே குரலில் சொன்னார்கள்: "தெரிஞ்சவனுக்கு மட்டும் வண்டிய வித்துராத தம்பி. நட்பும் போயிரும், காசும் போயிரும்."

பையன் என்னைப் பார்த்தான். "நீங்க என்ன சொல்றீங்க பெரியப்பா?"

நான் சொன்னது அந்தச் சத்தத்தில் யார் காதிலும் ஏறவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

இந்த அறிவுரையை ஏற்காட்டிலும் கேட்டிருக்கிறேன், சேலத்திலும் கேட்டிருக்கிறேன், நான் பிறந்து வளர்ந்த புதுச்சேரியிலும் கேட்டிருக்கிறேன். பெரிய ஞானம் மாதிரி சொல்வார்கள். ஆனால் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். தெரிந்தவனுக்கு விற்காதே என்றால் யாருக்கு விற்பது? தெரியாதவனுக்கு. ஏன்? பின்னால் ரிப்பேர் வந்தால் அவன் நம் வீட்டு வாசலுக்கு வர மாட்டான், வந்தாலும் நமக்கு வெட்கமில்லை. அதாவது, வண்டியில் ஏதோ இருக்கிறது என்று நமக்கே தெரியும். அதை முகம் தெரியாதவன் தலையில் கட்டு என்பதுதான் இந்த ஞானத்தின் உள்ளே இருக்கும் சரக்கு. இதில் நட்பைக் காப்பாற்றும் அக்கறை எங்கே இருக்கிறது?

நான் நேர் எதிராகச் சொல்கிறேன். பழைய வண்டியை நண்பனுக்குத்தான் விற்க வேண்டும். நண்பனிடம்தான் வாங்கவும் வேண்டும். பழைய வண்டியில் என்ன குறை என்று ஓட்டினவனுக்கு மட்டும்தான் தெரியும். 1970-ல் அமெரிக்காவில் ஜார்ஜ் அகெர்லோஃப் என்ற பொருளாதார அறிஞர் இதைப் பற்றியே ஒரு கட்டுரை எழுதினார். பழைய கார் சந்தையில் விற்பவனுக்குத் தெரிந்தது வாங்குபவனுக்குத் தெரியாது. அதனால் வாங்குபவன் எல்லா வண்டிக்கும் பயந்து பயந்து குறைத்தே கேட்பான். அந்த விலைக்கு நல்ல வண்டிக்காரன் விற்க மாட்டான். கடைசியில் சந்தையில் நிற்பது ஓட்டை வண்டிகள்தான் என்றார். அப்படிப்பட்ட வண்டிக்கு அவர்கள் ஊரில் எலுமிச்சம்பழம் என்று பெயர். 2001-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. நண்பன் என்று ஒருவன் இருந்தால் இந்த வியாதிக்கு அவன்தான் மருந்து. அவனுக்கு நம்மிடம் உண்மை கேட்க உரிமை இருக்கிறது.

பிறகு ஏன் சண்டை வருகிறது? "நமக்குள்ள என்ன" என்று ஒரு வார்த்தை இருக்கிறதே, அதனால் வருகிறது. இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை.

2011-ல் என்னிடம் ஒரு மாருதி 800 இருந்தது. 2001 மாடல். ஓய்வு பெற்று மூன்று வருடம் ஆகியிருந்தது. கண்ணும் முன்னைப்போல் இல்லை. விற்றுவிடலாம் என்று நினைத்தபோது எஸ்டேட்டில் ரைட்டராக இருந்த நண்பர் கேட்டார். முப்பது வருடம் காலையில் ஏரியைச் சுற்றி ஒன்றாக நடந்தவர்கள் நாங்கள். விலை 85,000. 70,000 கையில் கொடுத்தார். மீதி 15,000 மிளகு எடுத்ததும் தருவதாகப் பேச்சு. "ஒரு பேப்பர்ல எழுதிக்கலாமுங்களா சார்?" என்று கேட்டவர் அவர்தான். "நமக்குள்ள என்ன ரைட்டரே எழுத்து?" என்று பெருந்தன்மையாகச் சொன்னவன் நான்.

சாவியை வாங்கும்போது இன்னொன்றும் கேட்டார். "வண்டியில ஒண்ணும் இல்லீங்களே சார்?" நான் சிரித்தேன். அவ்வளவுதான். இல்லை என்று சொல்லவில்லை. இருக்கிறது என்றும் சொல்லவில்லை.

இருந்தது. மலைப்பாதையில் ஓட்டுகிறவர்களுக்குத் தெரியும். அடிவாரத்திலிருந்து மேலே 20 கொண்டை ஊசி வளைவு. பாதி வழி முதல் கியரும் இரண்டாம் கியரும்தான். எஞ்சின் வேகமாகச் சுற்றும், வண்டி மெதுவாகப் போகும், ரேடியேட்டருக்குக் காற்று போதாது. தண்ணீர் கொஞ்சம் குறைந்தாலும் சூடு ஏறிவிடும். 796 சிசி சின்ன எஞ்சின், அலுமினிய ஹெட். சூட்டில் அது லேசாக வளைந்தால் போதும், கேஸ்கெட் போய்விடும், தண்ணீர் ஆயிலோடு கலந்து மூடியைத் திறந்தால் மோர் மாதிரி இருக்கும். என் வண்டி எட்டு மாதமாகத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ஒரு பாட்டில் ஊற்றுவேன். மலை வண்டி என்றால் அப்படித்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இரண்டு மாதம் கழித்து, சேலத்தில் ஒரு கல்யாணம் முடிந்து இரவு வரும்போது பாதி மலையில் ஆவி கிளம்பி வண்டி நின்றுவிட்டது. உள்ளே அவர் மனைவியும் எட்டு வயதுப் பேத்தியும். இருட்டில் ஒரு மணி நேரம் நின்று காய்கறி வேனில் ஏறி வந்தார்கள். வண்டியை மறுநாள் கட்டி இழுத்துக்கொண்டு கீழே போனார்கள். ஹெட்டை லேத்தில் ஃபேசிங் பண்ணி, கேஸ்கெட் மாற்றி, ரேடியேட்டரையும் பார்த்ததில் 11,400 ரூபாய் பில்.

அவர் பில்லையும் 3,600 ரூபாயையும் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார். எனக்குக் கோபம் வந்தது. "வண்டிய பாத்துத்தானே எடுத்தீங்க? ரெண்டு மாசம் ஓட்டிட்டு என் தலையில கட்டுனா எப்படி?" என்றேன். அவர் குரலை உயர்த்தவில்லை. "மெக்கானிக் சொன்னானுங்க, வண்டி ரொம்ப நாளா தண்ணி குடிச்சிருக்குன்னு. உங்களுக்குத் தெரியுமுங்களா சார்?" என்றார். "பழைய வண்டின்னா அப்படித்தான்" என்று நான் சொன்னேன்.

மறுநாள் காலையில் முழு 15,000-ஐயும் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார். நான் வாங்கிக்கொண்டேன். எண்ணியும் பார்த்தேன். அதற்குப் பிறகு அவர் ஏரியை வேறு நேரத்தில் சுற்ற ஆரம்பித்தார்.

ஊரில் பலர் என் பக்கம் பேசினார்கள். "பழைய சாமான், பாத்து வாங்குறது அவன் பொறுப்பு" என்றார்கள். சட்டமும் ஏறக்குறைய அப்படித்தான் ஆரம்பிக்கிறது. 1930-ஆம் வருடத்துச் சரக்கு விற்பனைச் சட்டத்தில் 16-வது பிரிவின்படி, சில விலக்குகள் தவிர, தரத்துக்கு விற்பவன் தானாக உத்தரவாதம் கொடுத்ததாக ஆகாது. எனக்கு அது போதுமாக இருந்தது. சில வருடம் அதைச் சொல்லியே சமாதானமாக இருந்தேன்.

பிறகு ஒரு வக்கீல் நண்பர் வீட்டில் 1872-ஆம் வருடத்து ஒப்பந்தச் சட்டத்தைப் புரட்டினேன். 17-வது பிரிவு, மோசடி என்றால் என்ன என்று சொல்வது. அதில் உதாரணத்துக்கு ஒரு குதிரை வருகிறது. நோயுள்ள குதிரை என்று தெரிந்தே ஒருவன் அதை ஏலத்தில் விற்கிறான், வாய் திறக்கவில்லை. இது மோசடி ஆகாது. சரி, நம் பக்கம்தான் என்று நினைத்தேன். அடுத்த உதாரணம்: வாங்குவது அவனுடைய மகள், அப்போதுதான் வயதுக்கு வந்த மேஜர். அந்த உறவினாலேயே குதிரைக்கு நோய் இருப்பதை அவளிடம் சொல்லக் கடமைப்பட்டவன். மூன்றாவது: "நீ மறுக்காவிட்டால் குதிரை நன்றாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்வேன்" என்று வாங்குபவன் சொல்கிறான், விற்பவன் சும்மா இருக்கிறான். அந்த மௌனம் பேச்சுக்குச் சமம்.

புத்தகத்தை மூடி வைத்தேன். "ஒண்ணும் இல்லீங்களே சார்?" என்று ஒருவர் கேட்டதும், நான் சிரித்ததும் ஞாபகம் வந்தது. கோர்ட்டில் என்ன ஆகும் என்பது வேறு விஷயம். எனக்கு அன்றைக்கே தீர்ப்பு ஆகிவிட்டது.

இத்தனைக்கும் இதெல்லாம் எனக்குச் சின்ன வயதிலேயே சொல்லிக்கொடுத்த பாடம். நான் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன். அப்பா புதுச்சேரியில் ஒரு நொத்தேரிடம் குமாஸ்தாவாக இருந்தார். 1804-ல் நெப்போலியன் காலத்தில் வந்த சிவில் சட்டம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். அதில் 1641-வது பிரிவிலிருந்து மறைந்த குறை பற்றி வருகிறது. 'வீஸ் கஷே' என்பார். கண்ணுக்குத் தெரிகிற குறைக்கு விற்பவன் பொறுப்பில்லை. மறைந்திருக்கிற குறைக்கு, அவனுக்கே தெரியாவிட்டாலும் பொறுப்பு, வேறு மாதிரி பேசி எழுதிக்கொண்டால் தவிர. வாங்கினவன் பொருளைத் திருப்பிக் கொடுத்துப் பணத்தை வாங்கலாம், அல்லது பொருளை வைத்துக்கொண்டு விலையில் ஒரு பகுதியைத் திரும்பப் பெறலாம். தெரிந்தே மறைத்தவன் நஷ்ட ஈடும் தர வேண்டும். என் நண்பர் செய்தது இரண்டாவது வழி. பிரெஞ்சு தெரியாத ரைட்டருக்கு நியாயம் தெரிந்திருந்தது.

அப்பா அடிக்கடி சொல்லும் பிரெஞ்சுப் பழமொழி ஒன்று உண்டு: 'லே பொன் கோந்த் ஃபொன் லே பொன்ஸமி'. கணக்கு நேராயிருந்தால் நட்பு நேராயிருக்கும் என்று அர்த்தம். நம் பெட்டிக்கடைகளில் 'கடன் அன்பை முறிக்கும்' என்று அட்டை தொங்கும். எனக்கு அந்த அட்டையில் பாதிதான் சம்மதம். கடன் முறிப்பதில்லை. சொல்லாமல் விட்டதும் எழுதாமல் விட்டதும் முறிக்கிறது.

விற்பவனை மட்டும் திட்டினால் நியாயமாகாது. வாங்குகிற நண்பர்களிலும் ஒரு ரகம் உண்டு. ஒன்பது வருட வண்டியை வாங்கிவிட்டு, ஒரு வருடம் கழித்து கிளட்ச் பிளேட் போனாலும் போன் பண்ணுவார்கள். டயர், பேட்டரி, பிரேக் பேட், கிளட்ச் பிளேட் எல்லாம் தேயத்தான் செய்யும். மலையில் ஹாஃப் கிளட்சில் வண்டியை நிறுத்திப் பழகினவனுக்கு இன்னும் சீக்கிரம் தேயும். அதற்கும் பழைய உரிமையாளரைக் கூப்பிடுவது நட்பைக் கேரண்டி கார்டாக நினைப்பது. தானம் கொடுத்த மாட்டைத்தான் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது. காசு கொடுத்து வாங்குகிற மாட்டைப் பார்க்கலாம். அந்தியூர்ச் சந்தையில் மாடு பிடிக்கிறவன் பல் பார்ப்பான், சுழி பார்ப்பான், நடக்க விட்டுப் பார்ப்பான். அதை யாரும் அவமானமாக எடுத்துக்கொள்வதில்லை. கார் வாங்கும்போது மட்டும் மெக்கானிக்கைக் கூட்டிவந்தால் "என் மேல நம்பிக்கை இல்லையா?" என்று முகம் சுளிக்கிறோம்.

ஆர்.சி. விஷயத்தையும் சொல்ல வேண்டும். "நமக்குள்ள என்ன" என்ற வார்த்தையில் அதுவும் போயிருந்தது. பெயர் மாற்றவே இல்லை. 2013-ல் அந்த வண்டி ஒரு டூவீலரை உரசிவிட்டது. நல்லவேளை, சிராய்ப்போடு போயிற்று. நோட்டீஸ் என் பெயருக்கு வந்தது. அவருக்குப் போன் செய்தேன். "நான் பாத்துக்கிறேனுங்க சார்" என்று மட்டும் சொன்னார். எல்லாவற்றையும் அவரே முடித்தார். அதற்கு அப்புறம்தான் இருவரும் படிவங்களில் கையெழுத்துப் போட்டோம். ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, ஒரு வார்த்தை பேசாமல்.

2018-ல் உச்ச நீதிமன்றம் நவீன் குமார் – விஜய் குமார் வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஒரு கார் பெயர் மாற்றாமலே பல கை மாறியிருந்தது. 2009-ல் விபத்து, ஓர் உயிர் போயிற்று. நான் எப்போதோ விற்றுவிட்டேன் என்றார் முதல் ஆள். பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர், நஷ்ட ஈட்டுக்கு அவர் பொறுப்பு என்றது நீதிமன்றம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 50-வது பிரிவுப்படி, ஒரே மாநிலத்துக்குள் விற்றால் விற்றவர் 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். வாங்கியவர் 30 நாளுக்குள். படிவம் 29, படிவம் 30. நண்பன் நல்லவன்தான். அவன் வண்டிக்குக் குறுக்கே வருகிறவன் யாரென்று உங்களுக்கும் தெரியாது, அவனுக்கும் தெரியாது.

ஆகவே அந்தப் பையனுக்கு நான் சொன்னது இதுதான். நண்பனுக்கே கொடு. அவன் மெக்கானிக்கைக் கூட்டிவரச் சொல். அவன் வருவதற்கு முன்னால் ஒரு வெள்ளைத்தாளை எடுத்து, வண்டியில் உனக்குத் தெரிந்த குறை எல்லாவற்றையும் எழுது. சின்னது பெரியது பார்க்காதே. பிறகு விலை, கொடுத்தது, மீதி, மீதி எந்தத் தேதியில். சாவி கொடுத்த தேதியும் நேரமும். இன்னின்ன ரிப்பேர் இத்தனை நாளுக்குள் வந்தால் பாதிப் பாதி, அதற்குப் பிறகு அவன் பொறுப்பு என்று ஒரு வரி. இரண்டு பேர் கையெழுத்து. ஆர்.சி., இன்சூரன்ஸ் இரண்டையும் கையோடு மாற்று. அரை மணி நேர வேலை.

என் நண்பர் இப்போது ஈரோட்டில் மகள் வீட்டில் இருக்கிறார். போன தீபாவளிக்குப் போன் செய்தேன். மலையில் மழை எப்படி என்று கேட்டார். நான் அந்த 11,400 ரூபாயைப் பற்றிப் பேச ஆரம்பித்தேன். "அதெல்லாம் பழைய கதைங்க சார், உடம்பப் பாத்துக்கங்க" என்றார். திருப்பிக் கொடுக்கவும் விடவில்லை.

பையன் நேற்று வந்தான். வண்டியை விற்றுவிட்டான். அவன் எழுதின தாளில் ஏழு குறை இருந்ததாம். ஏசி குளிரவில்லை என்பதிலிருந்து, ஒரு முறை பின்பக்கம் இடித்து டிங்கரிங் பார்த்தது வரை. சிநேகிதன் அதைப் படித்துவிட்டு எட்டாயிரம் குறைத்துவிட்டானாம்.

"உங்க பேச்சக் கேட்டு எட்டாயிரம் போச்சு பெரியப்பா" என்று அலுத்துக்கொண்டான்.

"சல்லிசுதான்டா" என்றேன்.