ஊகம் ஒரு மருந்தா?

குற்றாலத்துச் சாரலை வர்ணிக்காத எழுத்தாளன் இல்லை. அதே சாரல் காற்று கடையத்துத் தெருக்களில் நுழையும்போது வீட்டுக்கு வீடு எழும் இருமலைப் பற்றித்தான் யாரும் எழுதக் காணோம்!

அந்த வட்டாரத்தில் திண்ணையில் உட்கார்ந்து பீடி சுற்றிப் பிழைக்கும் பெண்கள் அநேகர். அப்படி ஒருத்திக்கு மூன்று வாரமாக இருமல் என்று வைத்துக்கொள்ளுங்கள். சாரல் தந்த ஜலதோஷமா, புகையிலைத் தூளா, க்ஷயமா? வைத்தியர் மார்பில் குழாயை வைக்கிறார்; இரண்டே நிமிஷத்தில் ஐந்து நாளைக்கு ஆன்டிபயாடிக் எழுதுகிறார். அவள் வாங்கிச் செல்வது மருந்தா, ஊகமா?

சோதித்துப் பார்த்து எழுதலாமே என்றால் மூன்று சமாதானங்கள் வரும். வாசலில் கூட்டம், நேரமில்லை. முடிவு நாளைக்கு என்றால் நோயாளி இன்றே வேறு டாக்டரிடம் ஓடிவிடுவான். எல்லாவற்றுக்கும் மேலாக, "என் அனுபவம் போதும்!"

முதல் இரண்டும் நியாயமான குறைகள். மூன்றாவதை நான் ஒப்ப மாட்டேன். நெஞ்சின் கரகரப்பைக் காது கேட்கும். கிருமியின் பெயரைக் கேட்குமா? க்ஷயக் கிருமியைக் காக் 1882-இல் கண்டறிந்தது காதால் அல்ல, நுண்பெருக்கியால். பெனிசிலினைக் கண்டுபிடித்த ஃபிளெமிங்கே 1945-இல் நோபல் பரிசு பெற்றபோது, அரைகுறை அளவில் அதைத் தின்றால் கிருமிகள் எதிர்த்து நிற்கப் பழகிவிடும் என்று எச்சரித்தார்.

ஜலதோஷம் பெரும்பாலும் வைரஸின் வேலை. ஆன்டிபயாடிக் அதைத் தொடாது. அது வெறும் காசுச் சேதம் என்று விட்டுவிடலாமா? சில ஆன்டிபயாடிக்குகள் க்ஷயக் கிருமியைச் சற்றே அடக்கி வைக்கும். இருமல் தணியும், அவள் குணமாகிவிட்டது என்று நம்புவாள். வியாதியோ உள்ளே வேர்விடும். பக்கத்தில் படுத்திருக்கும் குழந்தைக்கும் பரவும்.

திருநெல்வேலிச் சீமையின் புதுமைப்பித்தனை 1948-இல் க்ஷயத்துக்குப் பறிகொடுத்தோம். அன்று அதற்கு மருந்து எட்டாக்கனி. ஏழையை அவன் வீட்டிலேயே வைத்துக் குணப்படுத்தலாம் என்று 1959-இல் உலகத்துக்கு நிரூபித்ததே நம் சென்னை ஆராய்ச்சி நிலையந்தான். மருந்து இருந்தும், வியாதியின் பெயர் தெரியாமல் ஒருத்தி சாவாளானால் அதை விதி என்பதா?

2013-இல் அரசாங்கம் பல ஆன்டிபயாடிக்குகளையும் க்ஷய மருந்துகளையும் எச்-1 அட்டவணையில் சேர்த்தது. சீட்டில்லாமல் கடைக்காரர் விற்கக் கூடாது. நல்ல சட்டம். ஆனால் சீட்டே ஊகத்தில் எழுதப்பட்டால்?

ஒவ்வொரு தும்மலையும் சோதிக்கச் சொல்லவில்லை. சாதாரண ஜலதோஷத்துக்குச் சோதனையும் வேண்டாம், ஆன்டிபயாடிக்கும் வேண்டாம். இரண்டு வாரம் தாண்டிய இருமலுக்குக் கோழைப் பரிசோதனை செய்தே தீர வேண்டும். அதைக் கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே செய்து, அவள் ஒரு நாள் கூலியை இழக்குமுன் முடிவைச் சொல்ல வேண்டியது சர்க்காரின் கடமை.

நம் பங்கும் உண்டு, வாசகர்களே! ஊசி போடாதவர் டாக்டரே இல்லை என்று முகம் சுளிக்கிறவர்கள் நாம்தாம். "எனக்கு இன்னும் தெரியவில்லை, பார்த்துச் சொல்கிறேன்" என்கிற வைத்தியரைக் கெட்டிக்காரர் என்று மதிக்க என்றைக்குக் கற்றுக்கொள்ளப் போகிறோம்?