கூசி கோபுரம்: யாருக்கு என்ன லாபம்?

"போர் என்றால் நாலு கட்டடம் இடியத்தான் செய்யும், இதற்கெல்லாம் அழ முடியுமா?" என்று கேட்பவர்கள் கூசி கோட்டையின் கதையைக் கொஞ்சம் படிக்க வேண்டும்.

வடக்கு பிரான்சில் ஒரு மேட்டின் மீது இருக்கும் சின்ன ஊர் கூசி. 13-ஆம் நூற்றாண்டில் அங்கே மூன்றாம் ஆங்கெராண் என்ற பிரபு ஒரு கோட்டை கட்டினான். அதன் நடுக்கோபுரம் சுமார் 54 மீட்டர் உயரம், 31 மீட்டர் விட்டம். சுவரின் தடிமன் மட்டும் 7 மீட்டர்! அரசனுக்கே இல்லாத கோபுரம் தனக்கு வேண்டும் என்ற திமிர்தான், வேறென்ன?

1652-இல் கர்தினால் மசாரின் இதை உடைக்கச் சொன்னார். வெடி வைத்தார்கள். உள்ளே இருந்த தளங்கள் போயின, சுவர் அசையவில்லை. 1692-இல் நிலநடுக்கம் வந்தது. விரிசல் விட்டது, விழவில்லை. 19-ஆம் நூற்றாண்டில் வியோலே-லெ-டுக் என்ற கட்டடக் கலைஞர் அதைப் பழுது பார்த்தார்.

பிறகு வந்தது 1917 மார்ச். ஜெர்மன் படை பின்வாங்கிக் கொண்டிருந்தது. பவேரியாவின் இளவரசர் ரூப்ரெக்ட், அவரே ஜெர்மன் தளபதி, 'இதற்கு ராணுவ மதிப்பு எதுவும் இல்லை, இடித்தால் நம் பெயர்தான் கெடும்' என்று வாதாடினார். தளபதி லூடன்டார்ஃப் கேட்கவில்லை. 28 டன் வெடிமருந்து வைத்தார்கள். நடுக்கோபுரமும் நான்கு மூலைக் கோபுரங்களும் மண்ணாகின.

எதிரி மேலே ஏறி வேவு பார்ப்பான் என்று ஒரு சாக்கு சொல்லலாம். சரி, அந்த மேடு? அது அங்கேயேதானே இருந்தது! மேட்டை விட்டுவிட்டுக் கோபுரத்தை மட்டும் தகர்த்தது எந்த ஊர் யுத்த தந்திரம்?

லாப நஷ்டக் கணக்கு போட்டுப் பாருங்கள். வரவு: பூஜ்யம். செலவு: 28 டன் மருந்து, கிட்டத்தட்ட 700 வருட உழைப்பின் சாட்சி, கூடவே கெட்ட பெயர். பிரான்ஸ் அந்த இடிபாட்டையே காட்டுமிராண்டித்தனத்தின் நினைவுச் சின்னமாக அறிவித்துவிட்டது. ரூப்ரெக்ட் சொன்னது அப்படியே பலித்தது. போரில் ஜெயிக்கவும் இல்லை, 1918-இல் ஜெர்மனி தோற்றது.

ஆக, போர் கூசியை இடிக்கவில்லை. 'வேண்டாம்' என்ற சொல் காதில் விழுந்த பிறகும் ஒரு மனிதர் எடுத்த முடிவு இடித்தது. "போர் என்றால் அப்படித்தான்" என்று சொல்லும்போதெல்லாம் அப்படிப்பட்ட மனிதர்கள் தப்பித்துக்கொள்கிறார்கள்.

கோபுரம் நின்ற இடத்தில் இன்றும் கற்குவியல்தான் கிடக்கிறது.