ஃபார்மேட் போடறதுக்கு முன்னாடி நாடி பிடிச்சுப் பாருங்க

எங்க வகுப்பில் அதிகம் கேட்கிற புலம்பல் இதுதான்: "ஐ7 பிராசசர், 16 ஜிபி ராம், அம்மா வளையலை அடகு வெச்சு வாங்கினது. ஆன் பண்ணினா மூணு நிமிஷம் சுத்திக்கிட்டே இருக்குடா!" கடைக்குக் கொண்டு போனால் காரைக்காலோ கும்பகோணமோ, பதில் ரெண்டே ரெண்டுதான். "ராம் போடுங்க", இல்லைன்னா "ஃபார்மேட் பண்ணிடலாம்". அப்படி ஒரு கடையில் ஃபார்மேட் போட்டதில் என் நண்பனோட பாதி ப்ராஜெக்ட் காலி. மிஷின் ஒரு வாரம் பறந்தது. அப்புறம் பழைய குருடி கதவைத் திறடி கதைதான் :-(

நாடி பிடிக்காமலே மருந்து எழுதிக் கொடுக்கிற வைத்தியம் இது. ஆன் ஆவதற்குள் பல கட்டங்கள் இருக்கு. முதலில் மதர்போர்டு தன்னைத் தானே சோதிச்சுக்கும், அப்புறம் டிஸ்கிலிருந்து விண்டோஸ் ஏறும், பாஸ்வேர்டு போட்ட பிறகு கண்ட கண்ட புரோகிராம்களும் எழுந்து உட்காரும். எந்தக் கட்டத்தில் நேரம் போகுதுன்னு தெரியாமல் கை வைப்பதில் அர்த்தமே இல்லை.

"பவர்ஃபுல் மிஷின்" என்ற பேச்சிலேயே ஒரு ஏமாற்று இருக்கு. 2019, 2020 வரைக்கும் வந்த பல ஐ5, ஐ7 லேப்டாப்களில் உள்ளே இருந்தது நிமிஷத்துக்கு 5400 முறை சுற்றும் ஹார்ட் டிஸ்க். இன்றைக்கு செகண்ட் ஹேண்டில் நம்ம தலையில் கட்டப்படுபவை பெரும்பாலும் அவைதான். அந்த டிஸ்க் ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்தைத் தேடிப் படிக்க பத்து மில்லி விநாடிக்கு மேல் எடுத்துக்கும். அதற்குள் 3 கிகாஹெர்ட்ஸ் பிராசசரில் 3 கோடி சுற்று ஓடிப் போயிருக்கும், சும்மா. விண்டோஸ் ஏறும்போது இப்படி ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன ஃபைல்களைப் படிக்கணும். நூறு பேர் பந்தியில் உட்கார்ந்திருக்க, பரிமாற ஒரே ஒரு ஆள், கையில் ஒரே ஒரு கரண்டி. சமையல்காரர் எவ்வளவு கெட்டிக்காரர்னாலும் என்ன பண்ணுவார்? இதில் ராம் கூட்டுவது பந்தியில் இன்னும் ரெண்டு பெஞ்சு போடுகிற மாதிரி. எஸ்எஸ்டி மாற்றினால்தான் விடிவு. பழைய டிஸ்கை அப்படியே குளோன் பண்ணிக்கலாம், ஒரு ஃபைலும் போகாது. கடைக்காரர் இதைச் சொல்ல மாட்டார், நீங்கதான் கேட்கணும்.

எஸ்எஸ்டி இருந்தும் மெதுவா? கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூணையும் சேர்த்து அழுத்துங்க. டாஸ்க் மேனேஜர் வரும். அதில் ஸ்டார்ட்அப் பகுதிக்குப் போனால் பெரும்பாலான மிஷின்களில் மேலே "லாஸ்ட் பயாஸ் டைம்" என்று ஒரு எண் தெரியும். அது முப்பது நாற்பது விநாடின்னா விண்டோஸ் மேல் குற்றமே இல்லை, நூறு தடவை ஃபார்மேட் போட்டாலும் மாறாது. செருகியிருக்கும் பென் டிரைவ்களைக் கழற்றி, பூட் வரிசையைப் பாருங்க. எண் சின்னதா இருந்தால், கீழே இருக்கும் பட்டியல்தான் குற்றவாளிகள் பட்டியல். மீட்டிங் செயலி, கேம் லாஞ்சர், கம்பெனிக்காரனே ஏற்றி அனுப்பிய ட்ரையல் ஆன்டிவைரஸ்... வேண்டாததை டிஸேபிள் செய்யுங்க. அழிக்க வேண்டாம், தேவைப்படும்போது நாமே திறந்துக்கலாம். இன்னும் துருவணும்னா ஈவன்ட் வியூவரில் டயக்னாஸ்டிக்ஸ் பெர்ஃபார்மன்ஸ் பதிவைத் தேடுங்க. 100ஆம் எண் பதிவில் பூட் ஆன நேரம் மில்லி விநாடியில் இருக்கும், 101இல் தாமதப்படுத்திய புரோகிராமோட பேரே இருக்கும். (இன்னொன்று: விண்டோஸ் 8 காலத்திலிருந்து ஷட் டவுன் கொடுத்தால் அது முழுசாக அணைவதில்லை, பாதியை டிஸ்கில் எழுதி வெச்சுக்கும். முழுசாகப் புதுசாத் தொடங்கணும்னா ரீஸ்டார்ட் கொடுங்க.)

எனக்குக் கோபம் வருவது கடைக்காரர் மேல் மட்டும் இல்லை. 1983இல் மேக்கின்டோஷ் உருவானபோது, பூட் நேரத்தில் பத்து விநாடி குறைக்கச் சொல்லி ஸ்டீவ் ஜாப்ஸ் லாரி கென்யன் என்ற பொறியாளரை நச்சரித்தார். ஐம்பது லட்சம் பேர் வாங்கினால் தினமும் ஐந்து கோடி விநாடி மிச்சம் என்பது அவர் கணக்கு. இன்றைக்கோ ஒவ்வொரு செயலியும் தன் வசதிக்காக நம் காலை நேரத்தில் ஐந்து விநாடி எடுத்துக்குது. கேட்டால் "சீக்கிரம் திறப்பதற்காக"வாம்!

2011 செப்டம்பரில் தொடங்கிய தமிழக அரசின் இலவச லேப்டாப் எங்க எல்லையோடு நின்றுவிட்டது. காரைக்காலுக்குக் கிழக்கே கடல், மத்த பக்கமெல்லாம் தமிழ்நாடு, ஆனால் நாங்க புதுச்சேரி. பக்கத்து நாகூரில் அக்காவுக்குக் கிடைத்தது: 2 ஜிபி ராம், 320 ஜிபி ஹார்ட் டிஸ்க். அதில் எஸ்எஸ்டி போட்டு, லேசான ஒரு லினக்ஸ் ஏற்றினேன். "சிஸ்டம்டி அனலைஸ் பிளேம்" என்று ஒரு கட்டளை கொடுத்தால் யார் யார் எத்தனை விநாடி தின்றார்கள் என்று வரிசையாகக் காட்டிவிடும். தேவையில்லாத நாலைந்தை நிறுத்தினேன். இப்போ அரை நிமிஷத்துக்குள் ஆன் ஆகுது. அக்கா பையன் அதில்தான் பைத்தான் படிக்கிறான்.