இரைச்சலுக்குள் ஓர் உழைப்பு

வாலிபப் பிள்ளைகள் கேட்கும் பாட்டைக் குறித்துப் பெற்றோர் முகம் சுளிப்பது எக்காலத்தும் உள்ளதே. அதிலும் ‘த்ராஷ் மெட்டல்’ எனும் இசை காதைப் பொத்திக்கொள்ளச் செய்வதாகும். இரவு உணவு வேளையில் அதைக் கேட்க எனக்கும் விருப்பமில்லை. ஆயினும் அதன் பின்னுள்ள பயிற்சியை மறுத்தல் நேர்மையாகாது. கிதாரின் தந்திகளை உள்ளங்கையின் ஓரத்தால் அழுத்தி, நாதம் நீளவொட்டாமல் நறுக்குவர். விரல்களோ அசுர வேகத்தில் மீட்டிக்கொண்டேயிருக்கும். டிரம் அடிப்பவர் இரு கால்களாலும் பெருமுரசை முழக்குவார். நினைத்தவுடன் கைவரும் வித்தையன்று இது.

1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் இவ்விசை வளர்ந்தது. மெட்டாலிக்கா, ஸ்லேயர் போன்ற குழுக்கள் இதனால் புகழ்பெற்றன. 1991இல் மெட்டாலிக்காவே தன் வேகத்தைத் தளர்த்திக்கொள்ளவே, இது முடிந்த கதையென்று பலர் எண்ணினர்.

2008இல் டெக்சாஸ் மாநிலத்து டாலஸ் நகரில் ‘பவர் ட்ரிப்’ என்னும் இளைஞர் குழு தோன்றிற்று. பழைய முறையை இவர்கள் வெறுமனே நகலெடுக்கவில்லை. தாம் வளர்ந்த ஹார்ட்கோர் பங்க் இசையின் முரட்டுத்தனத்தையும் அதனோடு பிணைத்தனர். 2017இல் வெளிவந்த ‘நைட்மேர் லாஜிக்’ தொகுப்பில் எட்டே பாடல்கள். அரைமணி நேரத்திற்குச் சற்றே மிகுதி. இன்றைய தொகுப்புகள் பலவற்றின் நீளத்தை நோக்க, இச்சுருக்கமே ஒரு பண்பு எனலாம்.

குழுவின் பாடகர் ரைலி கேல் 2020 ஆகஸ்ட் 24 அன்று, தம் 34ஆம் வயதில் மரித்தார். ஃபென்டனில் எனும் மருந்தின் நச்சே காரணமென மருத்துவ ஆய்வு பின்னர் தெரிவித்தது. மருத்துவமனைகளில் கடும் வலியைத் தணிக்கப் பயன்படும் இம்மருந்து, மார்ஃபினைவிட ஏறத்தாழ 100 மடங்கு வீரியமுள்ளது. மிகச் சிறிய அளவு கூடினாலும் மூச்சை அடக்கிவிடும். பாட்டின் ஓசையைக் குறித்து மகனிடம் வாதிடும் தந்தையர், இம்மருந்தைக் குறித்தும் அவனிடம் ஒரு வார்த்தை பேசினார்களா?

கேலின் குடும்பத்தார், மலர்களுக்குப் பதிலாக, வீடற்ற இளைஞர்க்குப் புகலிடம் தரும் டாலஸ் நகரத் தொண்டு நிறுவனமொன்றுக்கு நன்கொடை அளிக்குமாறு இரசிகர்களை வேண்டினர். அமங்கலப் பெயர்கள் சூட்டிய பாடல்களைப் பாடியவனுக்குப் பெற்ற குடும்பம் செய்த அஞ்சலி அது. சில மாதங்களில் குழுவின் பாடலொன்று கிராமி விருதுக்கு முன்மொழியப்பட்டது, பரிசு கிட்டவில்லை. எஞ்சிய நால்வரும் மூன்றாண்டுகளுக்கு மேல் மௌனம் காத்து, 2023 டிசம்பரில் சேத் கில்மோர் என்னும் பாடகருடன் மீண்டும் மேடையேறினர்.