ஸ்டீராய்டு: எத்தனை வாரம் ஓய்வு?

எங்கள் இருக்கன்குடியிலிருந்து சாத்தூர் ஜிம்முக்குப் போகும் அண்ணன் ஒருவர், ஆணழகன் போட்டிக்காக 12 வாரம் ஸ்டீராய்டு ஊசி போட்டார். "போட்ட அளவுக்கு ஓய்வு விட்டாப் போதும்டா தம்பி, 12 வாரம் கழிச்சு அடுத்த ரவுண்டு" என்கிறார். ஜிம்களில் பலரும் சொல்லும் கணக்குதான். எனக்கு இது தப்பாகப் படுகிறது.

ஏன்? வெளியிலிருந்து ஹார்மோன் வந்ததும் மூளையடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி தன் உத்தரவை நிறுத்திவிடுகிறது. விரைகள் சுருங்குகின்றன, விந்தணு குறைகிறது. ஊசியை விட்டதும் இது உடனே சரியாகாது. நாண்ட்ரோலோன் போன்ற எண்ணெய் ஊசிகள் கடைசி ஊசிக்குப் பிறகும் பல வாரம் உடம்பில் கசிந்துகொண்டிருக்கும். அப்படியென்றால் ஓய்வின் முதல் சில வாரங்கள் ஓய்வே இல்லை!

நெதர்லாந்தில் ஸ்டீராய்டு எடுத்த 100 ஆண்களைப் பின்தொடர்ந்த ஹார்லெம் ஆய்வு 2021-ல் வெளிவந்தது. நிறுத்தி மூன்று மாதத்தில் பெரும்பாலோருக்கு டெஸ்டோஸ்டிரோன் திரும்பிவிட்டது. விந்தணுவுக்கு இன்னும் அதிக காலம் பிடித்தது. சிலருக்கு ஸ்டீராய்டு ரவுண்டு தொடங்கி ஓராண்டு கழித்தும் முழுதாகத் திரும்பவில்லை.

இன்னொன்று. ஓய்வுக் காலத்தில்தான் சோர்வு வரும், மனசு வாடும், சதை வற்றும். பயந்துபோய் மறுபடி ஊசியைத் தொடுகிறார்கள்.

என் கருத்து இதுதான்: ஓய்வு போதுமா என்பதைக் காலண்டர் சொல்லாது, ரத்தப் பரிசோதனையும் விந்துப் பரிசோதனையும்தான் சொல்லும். எல்லாம் சரியென்று வந்தாலும் அடுத்த ரவுண்டுக்கு அது அனுமதிச் சீட்டு அல்ல.

அண்ணனுக்குத் தையில் கல்யாணம். பிறகு மாரியம்மனிடம் பிள்ளை வரம் கேட்டு நிற்பதைவிட, இப்போதே ஒரு டாக்டரிடம் உண்மையைச் சொல்வது நல்லதில்லையா? நீங்களே சொல்லுங்கள்.