வெறும் ஆடிதானே?

2022 டிசம்பர் 5 அன்று கலிஃபோர்னியாவின் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வுக்கூடத்தில் 192 லேசர் கற்றைகள் 2.05 மெகாஜூல் ஆற்றலை ஓர் இலக்கின்மீது கொட்டின. அணுக்கரு இணைவிலிருந்து 3.15 மெகாஜூல் வெளியே வந்தது. இந்த இரண்டு எண்களைப் பிடித்துக்கொண்டு, சூரியனையே பூமிக்கு இறக்கிவிட்டார்கள் என்று நம் ஆட்கள் குதித்தார்கள். அந்த ஒளியைச் சிதறாமல் காத்த வேலையைப் பற்றி ஒரு வரி? கேட்டால், "அதெல்லாம் வெறும் இன்ஜினியரிங் சார்" என்கிறார்கள். அந்த ‘வெறும்’ என்ற சொல்லோடுதான் எனக்குச் சண்டை.

லேசர் என்றால் ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி போகும் என்று நம் மனத்தில் பதிந்துபோயிருக்கிறது. இங்கே ஒரு கற்றை ஏறத்தாழ 40 செ.மீ. சதுரம். பிரதான பெருக்கியில் நியோடிமியம் கலந்த கண்ணாடிப் பலகைகள் வழியே அது நான்கு முறை போய்வருகிறது. அந்தப் பலகைகளுக்கு ஆற்றல் ஊட்டுபவை மின்வெட்டு விளக்குகள். 2 மெகாஜூல் ஒளிக்காக மின்சாரத்திலிருந்து எடுத்தது சுமார் 300 மெகாஜூல். மிச்சத்தில் பெரும்பகுதி சூடாகிறது. அந்தச் சூட்டில் ஒரு பங்கு கண்ணாடியை வளைக்கிறது. சீராக வந்த அலைமுகப்பு துவைத்துப் பிழிந்த வேட்டி மாதிரி கசங்குகிறது. கசங்கிய ஒளி குவியாது. சில மில்லிமீட்டர் துளைக்குள் நுழைய வேண்டியது அக்கம்பக்கத்தில் சிதறும். ‘பவரை ஏத்து’ என்றால் சூடும் சேர்ந்து ஏறும், அவ்வளவுதான்.

இங்கேதான் வளையும் ஆடி வருகிறது. ஒவ்வொரு கற்றைக்கும் ஒன்று. ஒவ்வொன்றின் முதுகிலும் 39 ஆக்சுவேட்டர்கள். அவை மைக்ரோமீட்டர் கணக்கில் தள்ளியும் இழுத்தும் ஆடியின் உருவத்தை மாற்றுகின்றன. ஆனால் லேசர் துடிப்பு நீடிப்பதே சில நானோநொடிகள். பார்த்துத் திருத்த ஏது நேரம்? விளக்குகள் எரிந்தால் கண்ணாடி எப்படிக் கோணும் என்று முன்கூட்டியே அளந்து, கணக்கிட்டு, அதற்கு நேர்மாறான கோணலை ஆடியில் முதலிலேயே வைத்துவிட வேண்டும். இன்னும் நிகழாத பிழைக்கு இப்போதே திருத்தம். இதுவா ‘வெறும்’?

"சரி, ஆடிதான் எல்லாத்தையும் சரி பண்ணிடுமே" என்று அடுத்த கோடிக்குத் தாவுபவர்களையும் விட முடியாது. ஆடி மெல்லியதாக இருந்தால் எளிதில் வளையும். ஆனால் ஆக்சுவேட்டர் ஒட்டிய இடமெல்லாம் மேற்பரப்பில் தடம் தெரியும். பசை இறுகும்போது சுருங்கினாலே போதும். ஆக்சுவேட்டர்களைக் கூட்டினால் தடங்களும் கூடும், பழுதாகும் உறுப்புகளும் கூடும். நுண்ணிய நெளிவுகள் இன்னும் மோசம். இவ்வளவு செறிவான ஒளி, தான் செல்லும் கண்ணாடியின் ஒளிவிலகல் எண்ணையே மாற்றுகிறது. அதனால் சிறு நெளிவு தானே வளர்ந்து, ஓரிடத்தில் குவிந்து, கண்ணாடியைச் சுட்டுவிடும். 39 புள்ளிகளால் அதைத் தொடவே முடியாது. அதற்கு நல்ல மெருகு வேண்டும். நெளிவை வடிகட்டும் ஊசித்துளை வேண்டும். மட்டமான கண்ணாடிக்கு ஆடி பாவமன்னிப்பு தராது.

வளையும் ஆடியால் ஒளியைத் திருத்தலாம் என்ற யோசனையை வானியலாளர் ஹொரேஸ் பாப்காக் 1953லேயே முன்வைத்துவிட்டார். அவர் நினைத்தது காற்றால் கலங்கும் நட்சத்திர ஒளியை. யோசனை வந்தாயிற்று, கருவி வந்ததா? அலைமுகப்பை வேகமாக அளக்கும் உணரிகளும், சொன்னபடி நகரும் ஆக்சுவேட்டர்களும், கணினிகளும் உருவாகப் பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த ஆண்டுகளை நிரப்பியவர்கள் நம் அறிவியல் வரலாற்றில் எங்கே?

2022இன் வெற்றி ஆடியால் மட்டும் வந்தது என்று நான் சொல்லவில்லை. எரிபொருள் உருண்டையின் தரத்துக்கும், அது எல்லாப் பக்கமும் சமமாக நசுங்கியதற்கும் அதில் பெரும் பங்கு உண்டு. ஆனால் அவையும் இதே சாதி வேலைதான்: அளந்து, பிழை கண்டு, திருத்தி, மறுபடி அளப்பது. கருத்து சொன்னவனை மேதை என்றும் கருவி செய்தவனைக் கைவேலைக்காரன் என்றும் பிரிக்கும் சமூகம் பெரிய லேசரைக் காசு கொடுத்து வாங்கிவிடலாம். அதன் ஒளியைக் குவிப்பதற்கு, அது கீழே உட்காரவைத்த அந்த ஆளிடம்தான் போய் நிற்க வேண்டும்.