நன்றி பொறித்த நாணயம்

தோழா!

மன்னன் முடிசூடினால் நாணயம். மாவீரன் களம் வென்றால் நாணயம். நாடு விடுதலை பெற்று ஆண்டு ஐம்பதானால் நாணயம்! இவை உலகம் அறிந்த வழக்கம். ஆனால், நோய்க்கும் ஒரு நினைவு நாணயமா? கொள்ளை நோய் வந்து குடும்பங்களைக் குலைத்துச் சென்றதையும் உலோகத்திலே பொறித்து வைப்பதா? 'மறக்க வேண்டிய துயரை மடியிலே கட்டிக்கொண்டு திரியச் சொல்கிறீரே!' என்று வருந்துவோர் உளர். 'சாவைக் காட்டிச் சர்க்கார் காசு விற்பதா?' என்று சீறுவோரும் உளர். இவர்களை எள்ளி நகையாட நான் விரும்பவில்லை. கேள்வியிலே பொருள் இருக்கிறது. ஆராய்ந்து பார்ப்போம், வா.

நோயின் பெயரால் காசு அடித்த காலம் ஒன்று உண்டு. பிலிப்பைன்ஸ் தீவுகள் அமெரிக்க ஆட்சியின்கீழ் இருந்த நாளிலே, 1906-இல், குலியோன் என்னும் தீவிலே தொழுநோயாளருக்கெனத் தனிக் குடியிருப்பு அமைத்தனர். தாயைப் பிரித்து, பிள்ளையைப் பிரித்து, கப்பலேற்றிக் கொண்டுபோய் அங்கே விட்டனர். 1913-இல் அவர்களுக்கென்றே தனிக் காசும் அடித்தனர். தீவுக்குள்ளே செல்லும், கரை கடந்தால் செல்லாது! ஏன்? அவர் தொட்ட காசை மற்றவர் தொட்டால் நோய் ஒட்டிக்கொள்ளுமாம்! கொலம்பியாவிலே 1901-ஆம் ஆண்டே இத்தகைய காசு புழங்கியது.

தொழுநோய் காசின் வழியே தாவும் நோய் அன்று. நெடுநாள் நெருங்கிப் பழகினாலன்றி எளிதில் தொற்றுவதில்லை. மிகப் பெரும்பாலோரின் உடல் அதனைத் தானே எதிர்த்து நிற்கும். இன்று கூட்டு மருந்தினால் முற்றிலும் குணமாகும். எனினும், அன்று அச்சம் ஆணையிட்டது, அக்கசாலை அடிபணிந்தது. நோயைக் குறித்த காசா அது? இல்லை தோழா, நோயாளிக்கு இட்ட சூடு! தீண்டாமைக்கு உலோகத்திலே ஓர் உருவம்!

அதே அமெரிக்காவின் மற்றொரு காசின் கதையைக் கேள். 1921-இல், 39 வயதிலே, பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் கால்களின் வலுவை இழந்தார். இளம்பிள்ளை வாதம் என்றனர் மருத்துவர். 1933-இல் அவர் குடியரசுத் தலைவரானார். அந்நோயை எதிர்க்க 1938-இல் ஓர் அறநிலையம் தோன்றியது. கோடீசுவரர் வாயிலிலே அது காத்துக் கிடக்கவில்லை. 'ஆளுக்குப் பத்து சென்ட் அனுப்புங்கள்' என்று வானொலியிலே மக்களிடம் கேட்டது. வெள்ளை மாளிகையிலே மூட்டை மூட்டையாகக் கடிதங்கள் குவிந்தன. உறைகளைப் பிரித்தால், உள்ளே ஏழையும் எளியவனும் அனுப்பிய சின்னஞ்சிறு காசு!

1945 ஏப்ரல் 12-இல் ரூஸ்வெல்ட் மறைந்தார். அடுத்த ஆண்டு, அவர் பிறந்த நாளான ஜனவரி 30-இல், அதே பத்து சென்ட் காசு அவர் உருவம் தாங்கி வெளிவந்தது. மக்கள் தந்த காசு ஆராய்ச்சிக்கூடம் சென்றது. ஜோனாஸ் சால்க் தடுப்பூசி கண்டார். அது பயனளிக்கிறது என்று உலகுக்கு அறிவித்த நாள் 1955 ஏப்ரல் 12. ரூஸ்வெல்ட் மறைந்து சரியாகப் பத்து ஆண்டுகள்! அந்தக் காசிலே நோயின் பெயர் இல்லை. ஆனால் நோயை வென்ற மக்களின் வரலாறு இருக்கிறது. 2015-இல் இருவர் உருவமும் பொறித்த வெள்ளி டாலர் வெளிவந்தது. ஒவ்வொன்றின் விலையிலும் பத்து டாலர் அந்த அறநிலையத்துக்கென்று சட்டமே செய்தனர்.

இனி அண்மைக் காலத்துக்கு வருவோம். கொரோனா சூறையாடிய இத்தாலி, 2021-இல் இரண்டு யூரோ நாணயம் ஒன்றை வெளியிட்டது. முகக்கவசம் அணிந்த ஓர் ஆணும் பெண்ணும். மேலே ஒரே ஒரு சொல், 'நன்றி'. மன்னரும் தளபதியும் அமர்ந்திருந்த இடத்திலே மருத்துவப் பணியாளர்! மகிழ்கிறேன். ஆனால், அந்த நன்றி மட்டும் போதுமா?

2020 ஜனவரி முதல் 2021 மே வரை, உலகெங்கும் கொரோனாவுக்குப் பலியான மருத்துவப் பணியாளர் 80,000 முதல் 1,80,000 வரை இருக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டது. நோயாளியின் கட்டிலருகே நின்றதனால் வந்த சாவு! மாடங்களிலே நின்று மக்கள் அவர்களுக்காகக் கைதட்டினர். நாடக மேடையிலே நின்றவன் நான். கைதட்டல் எவ்வளவு இனிக்கும் என்பதை அறிவேன். கைதட்டலால் அடுப்பு எரியாது என்பதையும் அறிவேன். நன்றியை உலோகத்திலே பொறித்துவிட்டு, செவிலியின் ஊதியத்தை மறந்தால், பாதுகாப்பு அங்கியைக் குறைத்தால், படுக்கையில்லா மருத்துவமனையைப் பார்த்தும் பாராதிருந்தால், அது நன்றியாகுமா? நாடகமன்றோ!

ஆகவே, என் முடிவு இது: நோய்க்கு நினைவு நாணயம் வேண்டும். மறந்த சமுதாயம் அடுத்த கொள்ளை நோயையும் வெறுங்கையோடுதான் எதிர்கொள்ளும். ஆனால், குலியோன் காசுபோல் நோயுற்றவனை ஒதுக்குவதாக அது இருத்தல் கூடாது; போரிட்டவனைப் போற்றுவதாக இருக்கட்டும். அதை விற்று வரும் பணம் மருத்துவமனைக்கும் ஆராய்ச்சிக்கும் செல்லட்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, 'உங்களுக்கு நாங்கள் கடன்பட்டவர்கள்' என்று அரசு எழுதித் தரும் கடன் சீட்டாக அது இருக்கட்டும்!

நாணயம் என்னும் சொல்லுக்கு நம் மொழியிலே காசு என்றும் பொருள். சொன்ன சொல் தவறாமை என்றும் பொருள். முதலாவதை அடிக்க அக்கசாலை போதும். இரண்டாவதை எந்த அக்கசாலையும் அடித்துத் தராது, தோழா! அதை ஆள்வோரிடம் கேட்டுப் பெற வேண்டியவர்கள் நாம்தான்.